பேச மூச்சு மிச்சம் இருக்க வேண்டும்

“அக்கா, உங்க வலது கால் இறங்குது. இடது கால் விழுது.”

இதைச் சொன்னவள் என் கால்களைப் பார்த்ததே இல்லை. பிறவியிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன்னால், பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஒரு முழக் கயிற்றின் இந்த முனையை நானும் அந்த முனையை அவளும் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தபோது சொன்னாள். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ஓடினாள். எனக்குத்தான் அதன் பிறகு ஏழு வாரம் ஓட்டமே இல்லாமல் போயிற்று. அந்த இரண்டு வரியும் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. எட்டு வருடமாக ஓட்டப் பயிற்சி என்று நான் எதை நம்பி வந்தேனோ, அதையெல்லாம் அவை கலைத்துப் போட்டுவிட்டன. ஒரு தடவை முழுதாக எழுதிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஓட ஆரம்பித்தது 38 வயதில். ஆரம்பித்த கதை நம் எல்லோருக்கும் உள்ள கதைதான், அதை விட்டுவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. ஏழரை மணிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்குள் சமையல், டிபன் பாக்ஸ், பையனை எழுப்பிவிடுவது எல்லாம் முடிய வேண்டும். ஓடுவதற்கென்று கிடைப்பது நாலே முக்காலிலிருந்து ஆறு வரைதான். கிடைக்கிற அந்த நேரத்தில் ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்பதுதான் என் பயிற்சித் திட்டம். வீணாகாமல் இருக்க வேண்டுமென்றால் மூச்சு இரைக்க வேண்டும், வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வரக் கூடாது. கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். செவ்வாயும் ஆறரை, வியாழனும் ஆறரை, சனிக்கிழமை நெடுந்தூரத்திலும் முடிந்தவரை ஆறரை. அரை மாரத்தானை 2 மணி 17 நிமிடத்தில் முடித்தபோது குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள். அந்த நேரத்தை 21.1 கிலோமீட்டரால் வகுத்தால் வருவதும் அதே ஆறரைதான். தினமும் வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுக்கிற எனக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை. பந்தயத்தில் ஓடிய வேகமும் பயிற்சியில் ஓடிய வேகமும் ஒன்று. பயிற்சி என்ற பெயரில் வாரம் மூன்று பந்தயம் ஓடிக்கொண்டிருந்தேன்.

முழு மாரத்தான் இரண்டு ஓடினேன். இரண்டிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் உடம்பு கைவிட்டது. ஓடுகிறவர்கள் அதைச் ‘சுவர்’ என்பார்கள். காரணம் எளிதான கணக்கு. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகும். என் எடை 62 கிலோ. 42.195 கிலோமீட்டருக்கு 2,600 கலோரி வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரிதான் தரும். மீதியைக் கொழுப்பிலிருந்து எடுக்க உடம்பு பழகியிருக்க வேண்டும், அந்தப் பழக்கம் பெரும்பாலும் மூச்சு இரைக்காத ஓட்டத்தில்தான் வரும். வலது பக்கம் கடல், இடது பக்கம் பூட்டிய கடைகள் என்று நடந்து நடந்து 5 மணி 20 நிமிடத்தில் முடித்துவிட்டு, ‘இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்ய வேண்டும்’ என்று முடிவெடுத்தேன். எடுத்த முடிவே தலைகீழ்.

ஒரு முழக் கயிறு

போன வருடம் ஜூன் மாதம் எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர் கேட்டார்: “ஒரு பொண்ணு ஓடணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா. கண்ணு தெரியாது. கூட ஓட லேடீஸ் யாராவது இருந்தா நல்லா இருக்கும்.” சரி என்றேன். அவளுக்கு 24 வயது. திண்டிவனம் பக்கத்து ஊர், வங்கியில் கிளார்க், அடையாறில் ஹாஸ்டல். பெயரை எழுத வேண்டாம் என்றாள், அதனால் எழுதவில்லை. முதல் நாள் வேளாங்கண்ணி மாதா கோவில் வாசலில் நின்று, எதற்காக ஓட வேண்டும் என்று கேட்டேன். உடம்பைக் குறைக்க, சர்க்கரை வராமலிருக்க என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். “ஓடினா எப்படி இருக்கும்னு தெரியாதுக்கா. இது வரைக்கும் ஓடினதில்ல” என்றாள். குழந்தையாக இருந்தபோது வேகமாக நடந்தாலே யாராவது கையைப் பிடித்து நிறுத்திவிடுவார்களாம். அம்மா, ஆயா, ஹாஸ்டல் வார்டன், தெருவில் போகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தை: “ஓடாத, விழுந்துடுவ.”

எனக்கும் அந்த வார்த்தை பழக்கமானதுதான். பதின்மூன்று வயதில் பாவாடையோடு தாவணி சேர்ந்த நாளிலிருந்து என் அம்மாவும் அதையேதான் சொன்னாள். விழுந்துவிடுவாய் என்பது அவள் வாயில் வேறு பொருளில் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பெண்கள் விஷயத்தில் இந்தப் பயம் உலகம் முழுக்க இருந்திருக்கிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களை 800 மீட்டர் ஓட விட்டார்கள். ஓடி முடித்த பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கி எழுத, அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960 ரோம் ஒலிம்பிக்கில். பெண்கள் மாரத்தானுக்கோ 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்களும்தான் எல்லைக் கோட்டைத் தாண்டியதும் விழுவார்கள். அதற்காக யாரும் பந்தயத்தை நிறுத்தியதில்லை.

கயிறு என் பழைய துப்பட்டாவிலிருந்து கிழித்தது. மூன்றாகப் பின்னி இரண்டு முனையிலும் விரல் நுழைகிற மாதிரி வளையம் போட்டேன். பருத்தி என்பதால் வேர்வையில் நனைந்தாலும் வழுக்காது. அந்தக் கயிற்றில் ஓடப் பழக எனக்குத்தான் அதிக நாள் பிடித்தது. இழுக்கக் கூடாது, தொங்கவும் விடக் கூடாது. அவள் வலது கை முன்னால் வரும்போது என் இடது கை முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் கயிறு வெட்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் முழங்கைகள் லேசாக உரசி உரசி ஒரே தாளத்துக்கு வந்தன. அப்போது அவள், “இப்பதான்கா உங்க கை பேசுது” என்றாள்.

கை பேசினால் மட்டும் போதாது, வாயும் பேச வேண்டும். நம் ஊர் சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓடிப் பார்த்தால்தான் தெரியும், கண் எவ்வளவு வேலை செய்கிறது என்று. சாலையை விட நாலு விரற்கடை தூக்கி நிற்கிற பாதாளச் சாக்கடை மூடி, கேபிள்காரர்கள் தோண்டி மூடிய தடம், நடுவில் நிறுத்திய பைக், பால் டப்பாக்கள் அடுக்கிய வண்டி, வாசல் தெளித்து ஓடி வந்த ஈரம், எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்திருக்கும் நாய். இத்தனையையும் நான் வார்த்தையாக்க வேண்டும், அதுவும் நேரத்தில். எங்களுக்குள் ஒரு மொழி உண்டானது. வேகத்தடை என்றால் “பிரேக்கர்” என்று சொல்லி “மூணு, ரெண்டு, ஒண்ணு” என்று எண்ணுவேன். ஒண்ணில் அவள் கால் தூக்குவாள். சின்னத் தடங்கல் எதுவானாலும் “மேடு”. சந்து போல வழி குறுகினால் “ஒரு ஆள் அகலம்”. அவள் என் முதுகுப் பக்கம் அரை அடி பின்வாங்குவாள். நாய் என்றால் அது என்ன நிறம், தூங்குகிறதா, முறைக்கிறதா என்பதும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். வழியில்லாமல் அதையும் சொல்வேன். வடக்கே போகப் போக மீன் வாசம் வந்தால் குப்பம் நெருங்கிவிட்டது என்று அவளே சொல்லிவிடுவாள், அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக எங்கள் வேகத்தை முடிவு செய்தது என் பேச்சு. எவ்வளவு வேகத்தில் ஓடினால் என்னால் தொடர்ந்து பேச முடியுமோ அவ்வளவுதான் போக முடியும். ஜூனில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஆகஸ்டில் இருபது நிமிடம் நிற்காமல். செப்டம்பர் கடைசியில் ஐந்து கிலோமீட்டர். வாரத்தில் இரண்டு நாள் என்னோடு, இன்னும் இரண்டு நாள் ஹாஸ்டல் பக்கத்து ஜிம்மில் டிரெட்மில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அதே நிதானத்தில். அந்த ஐந்து மாதத்தில் அவள் ஒரு நாள்கூட மூச்சு வாங்கி நின்றதில்லை. ஒரு நாள்கூடக் கால் வலிக்கிறது என்று சொன்னதில்லை. வேகம் மட்டும் வாரா வாரம் தானாகக் கூடிக்கொண்டே வந்தது. கிலோமீட்டருக்கு ஒன்பதரை நிமிடம் ஆனது எட்டரையானது, எட்டானது.

இந்த ஓட்டத்தை நான் என் பயிற்சிக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது சேவை, ஓய்வு, சும்மா ஓட்டம் என்று வைத்திருந்தேன். ஜனவரி முழு மாரத்தானுக்கு என் ‘உண்மையான’ பயிற்சி மற்ற நாட்களில் முன்னைவிடக் கடுமையாக நடந்துகொண்டிருந்தது. அக்டோபரில் ஒரு நாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தபோது இடது குதிகாலில் ஆணி ஏறியது போலிருந்தது. பத்து அடி நடந்ததும் சரியாகிவிட்டது. மறுநாளும் அப்படியே. உள்ளங்கால் சவ்வு வீங்கியிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது, எனக்குத் தெரியாமலும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஜனவரிக்கு இன்னும் பதினோரு வாரம்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுதானாக்கா

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இரவெல்லாம் மழை பெய்து நாலு மணிக்கு விட்டிருந்தது. சாலை ஈரமாக, விளக்கு வெளிச்சம் தேங்கி நிற்கிற மாதிரி பளபளத்தது. எட்டு கிலோமீட்டர் போவது என்று திட்டம். அவள் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தாள். அதற்கு முந்தைய வாரம் சம்பளப் பணத்தில் முதல் முறையாக ஓடுவதற்கென்றே ஷூ வாங்கியிருந்தாள். மூன்றாவது கிலோமீட்டரில் வேகம் கிலோமீட்டருக்கு ஏழே கால் நிமிடத்துக்கு வந்துவிட்டது. இழுத்துக்கொண்டு போனது அவள்தான். நான் தடுக்கவில்லை. நமக்கு ஆறரையே பழக்கம், ஏழே கால் ஒரு பொருட்டா என்று இருந்துவிட்டேன். முந்தைய நாள் 26 கிலோமீட்டர் ஓடிய கால்கள் என்பதையும் நினைக்கவில்லை.

“அக்கா, முன்னாடில்லாம் முழுசா சொல்லுவீங்க. இன்னைக்கு ஒத்த ஒத்த வார்த்தையா வருது” என்றாள். “பேசிக்கிட்டேதானே வர்றேன்” என்றேன். கொஞ்ச தூரம் சும்மா வந்தாள். பிறகுதான் அதைச் சொன்னாள். வலது கால் இறங்குது, இடது கால் விழுது. ஒரு நொடி எனக்கு உடம்பு சில்லிட்டது. என் கைக்கடிகாரம் இதயத் துடிப்பைச் சொல்லும், நிமிடத்துக்கு எத்தனை அடி என்று சொல்லும், உறக்கத்தைக்கூடக் கணக்கெடுக்கும். ஒரு மாதமாக நான் மறைத்து வைத்திருந்ததை அது சொல்லவில்லை. ஈரச் சாலையில் என் இரண்டு ஷூக்களும் எழுப்பிய சத்தத்திலிருந்து இவள் சொல்லிவிட்டாள். “ஒண்ணுமில்லம்மா, ஷூ ஈரமாயிருக்கு, அதான்” என்று பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பல முறை யோசித்துவிட்டேன். வலியை ஒப்புக்கொண்டால் ஜனவரி போய்விடும் என்ற பயம்தான், வேறு ஒன்றும் இல்லை.

அடுத்த இருநூறு மீட்டருக்குள் குதிகாலில் அந்த ஆணி முழுசாக ஏறியது. மூச்சு அப்படியே நின்றது. அதே நேரத்தில் எதிரில் ஒரு சாக்கடை மூடி. நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. “மேடு” என்று சொல்ல வாய் திறந்தேன், “மே” மட்டும் காற்றாக வந்தது. அவள் புது ஷூவின் நுனி மூடியின் விளிம்பில் தட்டியது. கயிறு என் விரலை அறுத்துக்கொண்டு போயிற்று. இரண்டு முழங்காலும் இரண்டு உள்ளங்கையும் தேய அவள் சாலையில் விழுந்தாள்.

நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, “கண்ணு தெரியாத பொண்ணை எதுக்கும்மா ரோட்ல ஓட விடுறீங்க?” என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்து முழங்காலைத் தடவிப் பார்த்தாள். விரலில் ஒட்டிய ரத்தத்தை முகர்ந்தாள். உள்ளங்கையை ஊதிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன்.

“இவ்வளவுதானாக்கா?” என்றாள்.

“என்னம்மா?”

“விழுந்தா இவ்வளவுதானா? சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் விழுந்துடுவ விழுந்துடுவன்னாங்க. நான் என்னென்னமோ நெனச்சேன்.”

அந்த மனிதர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர் குரல் வந்த பக்கம் திரும்பி, “அண்ணா, எனக்கு ஒண்ணுமில்ல, அக்காவுக்குத்தான் கால்ல அடி, ஒரு ஆட்டோ புடிச்சுத் தர்றீங்களா?” என்று கேட்டாள். ஆட்டோவில் வரும்போதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “நான் விழுந்ததுல எனக்கு வருத்தமில்லக்கா. கால் விழுதுன்னு சொன்னப்ப ஒண்ணுமில்லன்னீங்க பாருங்க, அதுதான். நீங்க சொல்றத வெச்சுத்தான் நான் அடுத்த அடி வைக்கிறேன்.”

ஏழு வாரம்

குதிகால் ஆற ஏழு வாரம் ஆயிற்று. ஜனவரி போனது. அது பெரிதாகத் தெரியவில்லை. தெரிந்தது வேறு. எனக்கு அடிபட்டதால் அவள் ஓட்டமும் நின்றது. வேறு ஆள் கிடைக்க நாலு ஞாயிறு ஆனது. அந்த நாலு ஞாயிறும் அவள் ஹாஸ்டலில் ஷூவைத் துடைத்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். என் உடம்பு, என் கால், என் ஆசை, நான் எப்படி வேண்டுமானாலும் ஓடுவேன் என்றுதான் எட்டு வருடமும் நினைத்திருந்தேன். நம்மைப் போல வேலைக்கும் போய்க்கொண்டு ஓடுகிற எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். அது உண்மையில்லை. கயிற்றைப் பிடித்தவர்கள் என்று இல்லை, நாம் படுத்துவிட்டால் வீட்டில் யாரோ ஒருவர் வேலையும் சேர்ந்து கூடுகிறது. அந்த ஏழு வாரம் காலையில் பால் வாங்கியதும் மொட்டை மாடித் துணியை எடுத்ததும் என் வீட்டுக்காரர்தான்.

படுத்திருந்த நாட்களில்தான் எலெனா கோங்கோஸ்தைப் பற்றி முழுதாகப் படித்தேன். ஸ்பெயின் நாட்டுக்காரர், பார்வைக் குறைபாடு உள்ளவர். 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக் மாரத்தானில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். நாலாவதாக வந்தவர் மூன்று நிமிடத்துக்கும் மேல் பின்னால். எல்லைக் கோட்டுக்குச் சில அடி தூரத்தில் அவருக்கு வழிகாட்டி ஓடிய மியா கரோலுக்குத் தசை பிடித்துக்கொண்டு சாயப் போனார். கோங்கோஸ்த் ஒரு நொடி கயிற்றை விட்டுவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தார். கோட்டைத் தாண்டும் வரை கயிற்றை விடக் கூடாது என்பது விதி. தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். வெண்கலம் அன்று ஜப்பானின் மிசாடோ மிச்சிஷிடாவுக்குப் போனது. விதி சரியா தவறா என்று உலகமே பேசியது. என்னால் அந்த வாதத்துக்குள் போக முடியவில்லை. அந்தக் காணொளியில் நான் பார்த்துக்கொண்டிருந்தது மியா கரோலின் கால்களை.

வழிகாட்டி ஓடுகிறவர் பந்தயத்துக்காக ஓடுகிறவரைவிட வலுவாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். அதற்கு என்ன பொருள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேகமானவராக இருப்பது வேறு. அவருடைய முழு வேகத்தில் ஓடிக்கொண்டே பேசவும், பார்க்கவும், யோசிக்கவும் மூச்சில் மிச்சம் வைத்திருப்பது வேறு. எட்டு வருடத்தில் நான் மிச்சம் வைத்து ஓடியதே இல்லை. மிச்சம் இருந்தால் அன்றைக்குச் சரியாக ஓடவில்லை என்று அர்த்தம் செய்துகொண்டேன்.

மெதுவாக ஓடுவது

இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்குக் கோபம். நியூசிலாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர், தன்னிடம் ஓட்டம் பழகிய பையன்களை வாரத்துக்கு 160 கிலோமீட்டர் ஓட வைத்தார். அதில் பெரும்பகுதி பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். அவரிடம் பழகிய பீட்டர் ஸ்னெல்லும் முர்ரே ஹால்பெர்க்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் 800 மீட்டரிலும் 5,000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். 800 மீட்டர் ஓடுகிறவனே நெடுந்தூரம் நிதானமாக ஓடிப் பழகினான் என்றால் 42 கிலோமீட்டர் ஓடப் போகிற நாம் என்ன செய்ய வேண்டும்? பிறகு நார்வேயில் ஸ்டீஃபன் சைலர் என்ற ஆய்வாளர் உலகத் தரத்தில் உள்ளவர்களின் பயிற்சிக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டம், துடுப்பு, பனிச்சறுக்கு என்று எதுவானாலும் பத்துப் பயிற்சியில் எட்டு மூச்சு இரைக்காதவை. இதையெல்லாம் நான் முன்னாலேயே வாசித்திருந்தேன். அது பெரிய ஓட்டக்காரர்களுக்கு, அவர்களுக்கு நேரம் இருக்கிறது, நமக்கு இருப்பது ஒரு மணி நேரம் என்று ஒதுக்கியிருந்தேன். என் பக்கத்திலேயே ஒருத்தி ஐந்து மாதமாக அதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். அதையும்தான் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

சென்னையில் இது இன்னும் கறாரான விஷயம். மே மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கே 28, 29 டிகிரி இருக்கும், காற்றில் ஈரம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும். வேர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் போகிறது, காலுக்கு வருவது குறைகிறது, ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. வேகம் அப்படியே இருக்க, அரை மணி நேரத்தில் துடிப்பு மட்டும் பத்துப் பதினைந்து ஏறிவிடும். குளிர்ந்த ஊர்க்காரர்கள் போட்ட அட்டவணையைப் பார்த்து அதே நிமிடத்தில் இங்கே ஓடினால், நாம் ஓடுவது வேறு ஓட்டம். வேகத்தைப் பார்த்து ஓட முடியாது இந்த ஊரில். மூச்சைப் பார்த்துத்தான் ஓட வேண்டும்.

ஜனவரி கடைசியில் மறுபடி ஆரம்பித்தேன். மாடிப்படியில் விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலில் உருட்டுவது எல்லாம் இன்னும் தொடர்கிறது. துடிப்பு 140-ஐத் தாண்டாமல் ஓடிப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் நாற்பது நொடி வந்தது. கைத்தடியோடு வேகமாக நடக்கிற பெரியவர் ஒருவர் என்னைக் கடந்து போனார். முதல் மூன்று வாரம் மனசுக்குள் பெரிய போராட்டம்தான். தெரிந்தவர்கள் எதிரில் வந்தால் கால் தானாக வேகம் எடுக்கும். அதை அடக்க நான் கண்டுபிடித்த வழி, சத்தமாகப் பேசிக்கொண்டே ஓடுவது. தனியாக ஓடும்போதும் “இடது பக்கம் ஸ்கூட்டர், ஒரு ஆள் அகலம், பிரேக்கர் மூணு, ரெண்டு, ஒண்ணு” என்று சொல்லிக்கொண்டே போவேன். ஒரு முழு வாக்கியம் மூச்சு உடையாமல் வராவிட்டால் வேகத்தைக் குறைப்பேன். வாக்கிங் வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஜூலையில் அதே 140 துடிப்புக்குக் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் முப்பத்தைந்து நொடி வந்தது. குதிகால் வலி இல்லை.

வேகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் இப்போதும் மூச்சு முட்ட ஓடுகிறேன், அது பிடிக்கவும் செய்கிறது. எனக்கு ஆகாதது, வலியைக் கொண்டாடுவது. முழங்கால் வீங்கியும் விடாமல் முடித்தேன் என்று யாராவது எழுதினால் நூறு பேர் கைதட்டுகிறோம். பாதியில் நின்று வீட்டுக்குப் போனேன் என்று எழுதினால் ஆறுதல் சொல்கிறோம். நின்றவருக்குத்தான் நான் இப்போது கைதட்டுகிறேன்.

பிப்ரவரியில் அவளிடம் போய், மறுபடி என்னோடு ஓடுவாயா என்று கேட்டேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். எங்கே வலித்தாலும் மேடு, பள்ளம் சொல்கிற மாதிரி உடனே சொல்லிவிட வேண்டும். இப்போது அப்படித்தான். “இடது குதிகால், கொஞ்சம்” என்பேன். “சரி, நடப்போம்” என்பாள். உப்புப் போட்ட மோரை ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டு போகிறோம். ஆகஸ்டில் பத்து கிலோமீட்டர் பந்தயம் ஒன்றில் ஓடினோம். வழிகாட்டி முதலில் கோட்டைத் தாண்டக் கூடாது என்பதால் கடைசி இருபது மீட்டரில் நான் அரை அடி பின்வாங்கினேன். அவளுடைய நேரம் 1 மணி 13 நிமிடம். ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னபோது அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் கேள்வி எனக்கும் கேட்டது. “விழலியே?” “விழலம்மா. விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதும்மா” என்றாள்.

போன ஞாயிறு திருவான்மியூரிலிருந்து தெற்கே போனோம். புதிதாகத் தார் போட்ட ஒரு நீளமான தெரு அகப்பட்டது. வண்டி இல்லை, நாய் இல்லை, மூடிகள்கூடத் தார் மட்டத்துக்குச் சமமாக இருந்தன. நான் வழக்கம்போலப் பேசிக்கொண்டே வந்தேன். “அக்கா, முன்னாடி ஏதாவது இருக்கா?” என்றாள். கண்ணுக்கு எட்டிய தூரம் பார்த்துவிட்டு, “நானூறு மீட்டருக்கு ஒண்ணுமே இல்லம்மா” என்றேன்.

“அப்படின்னா கொஞ்சம் பேசாம வாங்களேன். எப்படி இருக்குன்னு கேக்கணும்.”

வாயை மூடிக்கொண்டேன். அவள் வேகம் எடுத்தாள். ஆறரை இருக்கும், அதற்கும் மேலே இருக்கலாம், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கயிறு இழுபடாமல் தொங்காமல் எங்கள் நடுவில் ஆடியது. கடல் இரண்டு தெரு தள்ளி இருந்தது. முதலில் நாலு கால்களின் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. பாதித் தெருவில் அது இரண்டாகிவிட்டது.